ஆவியக்காவின் முன்பல்

அந்தப் பல் கிளினிக்கில் அவளை எல்லோரும் ஆவியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வாய்க்குள் போய் வந்த குறடு, ஊசி, குட்டிக் கண்ணாடி எல்லாவற்றையும் கழுவி, பையிலிட்டு ஒட்டி, நீராவிப் பெட்டிக்குள் அடுக்கி வேகவைத்து எடுப்பது அவள் வேலை. கிளினிக்கின் பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஓர் அறை. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் வெள்ளைப் புகைக்குள் மறைந்துபோவாள். புகை கலைந்ததும் அதே இடத்தில் அதே மாதிரி நிற்பாள். தட்டைத் தூக்கிக்கொண்டு நடைவழியில் வந்தால், "ஆவி வருது, வழி விடுங்க" என்று யாராவது சொல்வார்கள். அவளும் சிரிப்பாள், முகமூடிக்குள். முகமூடிக்குள் சிரிப்பதில் ஒரு வசதி உண்டு. சிரித்தாளா இல்லையா என்று யாரும் சரிபார்க்க முடியாது.

முகமூடி அவளுக்கு இன்னொன்றுக்கும் உதவியது. மேல்வரிசையில் வலப்பக்க முன்பல் பாதியோடு போயிருந்தது. எப்படி என்று கேட்டவர்களுக்கு, குளியலறைக் கதவு இடித்துவிட்டது என்றாள். "நல்ல கதவும்மா. சரியா முன்பல்லாப் பாத்து இடிச்சிருக்கு" என்றார் டாக்டர் ஒருமுறை. அதற்குமேல் அவர் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் அல்லவா?

கதவு என்பது அவள் அண்ணன்.

அண்ணனைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொல்ல அவர்கள் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆள் கிடையாது. லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எந்த மாடியில் எவர் மாட்டிக்கொண்டாலும் கருவிப்பையோடு ஓடிவருவார். உள்ளே இருப்பவர் பயந்துபோகாமலிருக்க வெளியிலிருந்தே வேடிக்கையாகப் பேசிக்கொண்டு, பூப்போலக் கதவைத் திறந்து கைபிடித்து இறக்கிவிடுவார். தினமும் சாயங்காலம் கிளினிக் வாசலில் பைக்கோடு வந்து நின்று தங்கையை ஏற்றிக்கொண்டு போவார். "தங்கச்சியத் தாங்குறதுன்னா இவருகிட்டதான் கத்துக்கணும்" என்பாள் டாக்டரின் உதவியாளாக இருந்த பெண், பின்னால் ஸ்கேன் பொண்ணு என்று பெயர் வாங்கியவள். அவளுக்கும் ஓர் அண்ணன் இருந்தான், திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான்.

அப்பா அம்மா போனபிறகு ஆவியக்கா அண்ணன் வீட்டுக்கு வந்தவள். கல்யாணப் பேச்சு வந்தது, நின்றது, பிறகு வருவதையே நிறுத்திக்கொண்டது. வீட்டில் அவளுக்கென்று இருந்த இடம், சமையலறைக்கு வெளியே ஃப்ரிட்ஜ் பக்கத்தில் போடும் மடக்குக் கட்டில். அண்ணி விடியற்காலையில் பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறக்கும்போது வெளிச்சம் நேராக இவள் முகத்தில் விழும். அதுதான் அவளுக்குப் பொழுது விடிவது. அண்ணன் எப்போதும் கத்தமாட்டார். சாப்பிட்டு முடித்து, கைகழுவி, துண்டில் விரல் விரலாகத் துடைத்துவிட்டுத்தான் அடிப்பார். வெறும் புறங்கை, ஒரே தடவை. பிறகு அண்ணி கேட்பாள், "கதவச் சரியா சாத்தி வையுன்னு எத்தன தடவ சொல்றது?" அந்த வீட்டில் அதற்குப் பெயரே அப்படி ஆகிவிட்டது.

இந்த நிலையில்தான் ஸ்கேன் மெஷின் வந்தது.

அதுவரை உடைந்த பல்லுக்குத் தொப்பி, அதாவது கேப், போடவேண்டுமென்றால், டாக்டர் பல்லைச் சுற்றித் தேய்த்துக் குச்சிபோல் ஆக்கிவிட்டு, ஒரு தட்டில் பசையை நிரப்பி வாயில் அழுத்தி அச்செடுப்பார். நோயாளிக்குக் குமட்டும். இப்போது வந்திருப்பது பேனாவைவிடக் கொஞ்சம் தடித்த ஒரு கோல். அதன் நுனியில் கேமரா. வாய்க்குள் விட்டு, கடைவாயில் ஆரம்பித்து, பற்களின் தலைமேலும், நாக்குப் பக்கமும், கன்னப் பக்கமும் நிறுத்தாமல் ஓட்டவேண்டும். அது நூற்றுக்கணக்கில் படமெடுத்து, ஒன்றோடொன்றை ஒட்டித் தைத்து, திரையில் பற்களை அப்படியே எழுப்பிக் காட்டும். அதை வைத்து இன்னொரு மெஷின் தொப்பியைக் குடைந்து தரும். மெஷின்காரர், அதாவது அதை விற்க வந்தவர், நாக்கு நுனியில் ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே திரிந்தார்: மைக்ரான். "தலைமுடி கனத்தைவிடக் கம்மியான வித்தியாசம் சார். அதையும் பிடிச்சிரும்."

டாக்டர் எதையும் லேசில் நம்புகிற ஆளில்லை. வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய அவருக்கு ஒரு சோதனை தேவைப்பட்டது. ஒரே வாயை வெவ்வேறு நாட்களில் ஸ்கேன் செய்து, ஒன்றன்மேல் ஒன்றை வைத்துப் பார்க்கவேண்டும். பொருந்திய இடமெல்லாம் பச்சை. வெளியே தள்ளியிருந்தால் சிவப்பு, உள்ளே போயிருந்தால் நீலம். முழுக்கப் பச்சை வந்தால் வாங்குவார். அதற்கு அடிக்கடி வந்து வாயைத் திறக்கக்கூடிய, ஏன் எதற்கு என்று கேட்காத ஒரு வாய் வேண்டும்.

"உனக்கும் முன்பல்லு இல்ல. நானே போட்டுத் தந்துர்றேன்" என்றார் ஆவியக்காவிடம். "அப்புறம் வாசல்ல ரிசப்ஷன்ல உக்காரலாம். நம்ம கிளினிக் வாசல்ல ஓட்டப்பல்லோட யாரையும் உக்கார வைக்க முடியாதும்மா. வந்தவன் பயந்துருவான்."

ரிசப்ஷன் வேலைக்கு ஒரு சாவி உண்டு. காலையில் முதலில் வந்து திறப்பவர் தங்குவதற்காக மாடியில் ஓர் அறை. ஒரு ஜன்னல், ஒரு குழாய், உள்ளேயிருந்து போடும் ஒரு தாழ்ப்பாள். துடைக்கப் போனபோது ஆவியக்கா அந்தத் தாழ்ப்பாளை ஒருமுறை போட்டுப் பார்த்திருக்கிறாள். எண்ணெய் காணாத தாழ்ப்பாள், போட்டபோது கிறீச்சென்றது. அவ்வளவு நல்ல சத்தத்தை அவள் அதற்குமுன் கேட்டதில்லை. அவளுக்கு அந்தப் பல் வேண்டியிருந்தது அந்தத் தாழ்ப்பாளுக்காக.

டாக்டர் பல்லைத் தேய்த்தார். ஈறுக்குள் மெல்லிய நூலைச் செருகி, விளிம்பு தெரியும்படி ஒதுக்கினார். ஸ்கேன் பொண்ணு எச்சிலை உறிஞ்சிவிட்டு, கோலை ஓட்டினாள். திரையில் எழுந்த பற்களைப் பார்க்க ஆவியக்காவுக்கு வெட்கமாக இருந்தது. தன் வாய் இவ்வளவு பெரிதாக ஒருவர் கண்ணிலும் பட்டதில்லை. அந்த வார இறுதிக்குள் தொப்பி தயாராகி வந்துவிட்டது. போட்டுப் பார்த்தார்கள், பிறந்த பல்போல உட்கார்ந்தது. கைக்கண்ணாடியில் அவள் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டாக்டர் அதைக் கழற்றிவிட்டார்.

"இப்ப ஒட்டப்போறதில்ல. அடுத்த மாசம் டாக்டருங்களக் கூப்பிட்டிருக்கேன். அவங்க முன்னாடி கடைசியா ஒரு ஸ்கேன் எடுத்து, எல்லாம் பச்சைன்னு காட்டிட்டு ஒட்டிரலாம்."

அதுவரைக்கும் ஒரு பிளாஸ்டிக் தொப்பி, தற்காலிகப் பசையில். உண்மையான தொப்பி ஒரு சின்ன டப்பாவுக்குள் பஞ்சின்மேல் படுத்துக்கொண்டு அலமாரியில் இருந்தது. கருவிகளை அடுக்கப் போகும்போதெல்லாம் டப்பாவைத் திறந்து பார்ப்பாள். தன்னுடையது, ஆனால் தன்னிடம் இல்லாதது. வாழ்க்கையில் பெரும்பாலானவை அவளுக்கு அப்படித்தான் என்பதால் இது ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை.

இடையில் எடுத்த ஸ்கேன்கள் எல்லாம் பச்சை. மெஷின்காரர் ஒவ்வொரு தடவையும் தானே பெற்ற பிள்ளைபோலத் திரையைத் தட்டிக்கொடுத்தார்.

விருந்தினர் டாக்டர்கள் வருவதற்கு முந்தைய வாரம், சாப்பாட்டு நேரத்தில், ஆவியக்கா வாயைவிட்டாள். மாடி அறையைப் பற்றிச் சொன்னாள். காலையில் சீக்கிரம் திறக்கவேண்டியிருக்கும், அங்கேயே தங்கிக்கொண்டால் அண்ணாவுக்கும் தினமும் அலைச்சல் மிச்சம் என்று, பலநாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியத்தை, குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"வாசல்ல உக்காரப் போறாளாம் மகாராணி. சிரிச்சா வந்த நோயாளி வலிய மறந்துட்டு ஓடிருவான்" என்றாள் அண்ணி.

அண்ணன் சிரித்தார். மீதிச் சோற்றைச் சாப்பிட்டார். கைகழுவினார். துண்டை எடுத்தார்.

"இந்த வீட்ல உனக்கு இடமில்லையாம்மா?" என்றுதான் கேட்டார். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவரிடம் பேசும் அதே குரல்.

பிளாஸ்டிக் தொப்பி ஃப்ரிட்ஜுக்கு அடியில் போய்விழுந்தது. அண்ணி விளக்குமாற்றால் அதை வெளியே தள்ளி இவள் பக்கம் ஒதுக்கிவிட்டாள். மறுநாள் ஆவியக்கா எல்லோருக்கும் முன்னால் கிளினிக்குக்குப் போனாள். தொப்பியைக் கழுவி, புகையறைக் கண்ணாடியில் பார்த்து, தற்காலிகப் பசையைக் குழைத்துத் தானே ஒட்டிக்கொண்டாள். ஒட்டும்போது முன்பைவிட இறுக்கமாக இருந்தது. வீக்கம் என்று நினைத்துக்கொண்டாள். பக்கத்துப் பல் தொட்டால் கொஞ்சம் ஆடியது. உதட்டில் காயம் உள்பக்கம்தான். முகமூடியைப் போட்டாள், வேலை முடிந்தது.

பல் நகரும் என்று அவளுக்குத் தெரியாது. அடிபட்ட பல் ஆடும், விழும், கறுக்கும், இதெல்லாம் தெரியும். அசையாததுபோல நின்றுகொண்டே முடியளவு நகர்ந்துகொள்ளும் என்பதை யார் அவளிடம் சொன்னார்கள்?

அடுத்த வாரம் ஒருநாள் மாலை விருந்தினர் வந்தார்கள். நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, நடுவில் சிகிச்சை நாற்காலியில் ஆவியக்காவைச் சாய்த்து, உதட்டை நான்கு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையத்தை மாட்டினார்கள். அதை மாட்டிவிட்டால் பேசமுடியாது. எச்சில் தானாக வழியும். சுவரிலிருந்த பெரிய திரையில் அவள் வாய், ஆள் உயரத்துக்கு. "துப்புரவு வேலை பாக்குறவங்க. ஆனா ரொம்ப ஒத்துழைப்பு" என்று டாக்டர் அறிமுகப்படுத்தினார்.

ஸ்கேன் பொண்ணு பிளாஸ்டிக் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கோலை ஓட்டினாள். புதுப் படத்தைப் பழைய படத்தின்மேல் வைத்தாள். கடைவாய் இரண்டு பக்கமும் பச்சை வந்தது. கீழ்வரிசை பச்சை. மேலே முன்பக்கம் வந்ததும் தேய்த்த பல்லும் அதன் பக்கத்துப் பல்லும் வாயில் வெற்றிலைபோட்ட மாதிரி, ஒருபக்கம் சிவந்து மறுபக்கம் நீலமாயின.

 நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. மெஷின்காரர் கைக்குட்டையை எடுத்தார்.

"கை நடுங்குச்சா உனக்கு?" என்றார் டாக்டர்.

ஸ்கேன் பொண்ணு மறுபடி ஓட்டினாள். அதே சிவப்பு, அதே நீலம். படங்களைத் தைத்து ஒட்டுவதில் பிழை வந்தால் போகப்போகத்தான் கூடும், இப்படி நடுவில் இரண்டு பல் மட்டும் துள்ளாது என்று அவள் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். டாக்டர் காதில் ஏறவில்லை. அவர் டப்பாவைத் திறந்து தொப்பியை எடுத்துவந்து மாட்டினார். போன மாதம் பிறந்த பல்போல உட்கார்ந்தது இப்போது பக்கத்துப் பல்லில் இடித்துக்கொண்டு நின்றது. அவர் கட்டைவிரலால் அழுத்தினார். ஆவியக்கா கால்விரல்களை மடக்கிக்கொண்டாள். அவர் இன்னும் அழுத்தினார்.

"தலைமுடி அளவுன்னீங்க. இதுல ஒரு பாயையே நுழைக்கலாம் போலருக்கே" என்றார் விருந்தினரில் ஒருவர். சிரித்தார்கள்.

டாக்டருக்குக் காது சிவந்தது. அவர் மெஷின்காரரைத் திட்டவில்லை. அந்த ஆளுக்கு எதிர்த்துப் பேசத் தெரியும். ஸ்கேன் பொண்ணு பக்கம் திரும்பினார். "நீ நாளையிலேர்ந்து வரவேணாம். இத்தன பேர் முன்னாடி என்னக் கோமாளியாக்கிட்ட."

ஸ்கேன் பொண்ணு உதட்டைக் கடித்துக்கொண்டு ஆவியக்காவின் முகத்தின்மேல் குனிந்தாள். "அக்கா, எங்கயாச்சும் இடிச்சுக்கிட்டீங்களா? சொல்லுங்கக்கா."

மேலே விளக்கு, எதிரே தன் வாய், சுற்றிலும் படித்தவர்கள். ஆவியக்காவுக்கு ஓர் எண்ணம் வந்தது. கதவு என்று சொன்னால் போதும், இந்தப் பெண்ணின் வேலை பிழைத்துவிடும். ஆனால் இவ்வளவு பேர் ஒரே இடத்தில் தன் வாயைக் கவனமாகப் பார்ப்பது இனி ஒருபோதும் நடக்காது. இவர்களில் ஒருவராவது ஒரு கேள்வி கேட்பார். ஒருவர் கேட்டால் போதும். மாடி அறை, தாழ்ப்பாள் எல்லாம் தானாக நடக்கும். கையை உயர்த்தி உதட்டு வளையத்தைத் தானே கழற்றினாள். வழிந்த எச்சிலைத் துடைத்தாள்.

"மெஷின் மேல தப்பில்ல டாக்டர். அந்தப் பொண்ணு மேலயும் இல்ல. பல்லுதான் நகந்திருக்கும். போன வாரம் எங்கண்ணன் அடிச்சாரு. முதல்ல உடைஞ்சதும் அவர் அடிச்சதுதான். கதவு இல்ல."



முதலில் அசைந்தவர் மெஷின்காரர். "அப்போ ரெண்டு ஸ்கேனும் சரி!" என்றார். அந்தச் சாயங்காலத்தில் குரலை உயர்த்தியது அவர் ஒருவர்தான். "சார், பாருங்க சார். பல்லு நகந்ததையே பிடிச்சிருக்கு. கண்ணுக்குத் தெரியுதா? தெரியாது. மெஷினுக்குத் தெரியுது."

அறையில் காற்று திரும்பியது. நாற்காலிகள் முன்னால் நகர்ந்தன. ஸ்கேன் பொண்ணின் கை இப்போது நடுங்காமல் ஓடியது. எவ்வளவு தூரம் என்று அளந்தாள், எந்தத் திசையில் என்று அம்புக்குறி போட்டாள். பக்கத்துப் பல் வலதுபக்கமிருந்து உள்நோக்கித் தள்ளப்பட்டிருந்தது.

முன்வரிசையில் கண்ணாடி போட்ட ஒருவர் ஆவியக்காவைப் பார்த்துக் கேட்டார். அவள் காத்திருந்த அந்த ஒரு கேள்வி இப்படி வந்தது:

"உங்கண்ணன் இடது கைக்காரராம்மா?"

"இல்ல சார். வலது கை. புறங்கையால."

"அதான பாத்தேன்" என்றார் அவர், பக்கத்திலிருந்தவரிடம் திருப்தியாக. "புறங்கைன்னா கணக்கு சரியா வருது."

யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும். டாக்டர் அந்த இடத்திலேயே மெஷினை வாங்குவதாகச் சொன்னார். ஸ்கேன் பொண்ணின் தோளைத் தட்டி, கோபத்தில் பேசியதை மனதில் வைத்துக்கொள்ளாதே என்றார். ஆவியக்காவிடம் வந்து குனிந்து, இனி அந்தத் தொப்பி உதவாது, பல் கெட்டிப்பட்டு நிலைத்தபின் புதிதாக எடுக்கவேண்டும், மாதக்கணக்கில் ஆகலாம் என்று அன்பாகவே விளக்கினார்.

"ரிசப்ஷன், டாக்டர்?" என்றாள் அவள்.

"அவ்ளோ நாள் வாசல காலியா வைக்க முடியுமா சொல்லு? ஸ்கேன் பொண்ணு ரொம்ப நாளா கேட்டுட்டிருக்கா. காலையில ரிசப்ஷன், மத்த நேரம் ஸ்கேன்னு பாத்துக்கட்டும். உனக்கு வீடு பக்கத்துலதான. அண்ணன் வேற வந்து கூட்டிட்டுப் போறாரு."

சொல்லி முடித்தபின்தான் தான் சொன்னது அவருக்கே உறைத்திருக்கவேண்டும். கையுறையைக் கழற்றுவதில் மும்முரமானார். ஸ்கேன் பொண்ணு கோல் நுனியைத் துடைத்துக்கொண்டிருந்தாள், துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி.

அண்ணன் வழக்கம்போல வந்திருந்தார். வாசலில் ஆளில்லாததால் உள்ளேயே வந்துவிட்டார். எல்லோருக்கும் பொதுவாக ஒரு புன்னகை. திரையில் இன்னும் அணையாதிருந்த சிவப்பையும் நீலத்தையும் அண்ணாந்து பார்த்தார். மெஷின்கள் என்றால் அவருக்கு எப்போதும் ஆர்வம்.

"இது என்ன சார், செவப்பா?"

மெஷின்காரருக்கு இவர் யாரென்று தெரியாது. யாராயிருந்தாலும் சொல்லத்தான் சொல்வார். அவ்வளவு சந்தோஷத்தில் இருந்தார். "அது ஒரு சுவாரஸ்யமான விஷயம் சார். இந்தம்மாவ வீட்ல யாரோ அடிச்சிருக்காங்க. யாருக்கும் தெரியாது. மெஷின் கண்டுபிடிச்சிருச்சு. எந்தப் பக்கத்துலேர்ந்து, எந்தக் கையினாலன்னு வரைக்கும் சொல்லிரலாம்."

அண்ணன் திரைக்கு அருகே போய், அம்புக்குறியை நிதானமாகப் பார்த்தார். தன் வலது கையை ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு தங்கையைப் பார்த்தார்.

"ரொம்பத் துல்லியம்" என்றார்.

டாக்டர் தொண்டையைச் செருமினார். "பல்லு அசையாம இருக்கணும் சார். அடுத்து எடுக்குற ஸ்கேன்ல ஒரு துளி மாறியிருந்தாலும் எல்லாம் வீணாப்போயிரும்."

"ஓ. மறுபடி எடுப்பீங்களா?"

"மாசா மாசம்."

"வாய மட்டுந்தான?"

"வாய் மட்டுந்தான் சார்."

"சரி" என்றார் அண்ணன். "பல்லுக்கு ஒண்ணும் ஆகாது. நான் பொறுப்பு." தங்கையின் பையைத் தானே எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் முன்னே போக வழிவிட்டார்.

சொன்ன சொல் தவறாத மனிதர். அதற்குப்பின் மாதந்தோறும் எடுத்த ஸ்கேன்கள் அத்தனையும் பச்சை. ஒரு பல், ஒரு விளிம்பு, ஒரு முடியளவுகூட மாறவில்லை. மெஷின்காரர் அந்தப் படங்களைத் தன் விளக்கக் கையேட்டில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போனார். புதுத் தொப்பியும் ஒருநாள் வந்து, அலுங்காமல் பொருந்தி ஒட்டப்பட்டது. இத்தனை கச்சிதமாக ஒரு பல் உட்கார்ந்து தான் பார்த்ததில்லை என்று டாக்டர் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

ஆவியக்கா நன்றி சொல்லிவிட்டு முகமூடியை ஏற்றிக்கொண்டு பின்னறைக்குப் போனாள். இப்போதெல்லாம் தட்டை அவள் ஒரே கையால்தான் தூக்கினாள். மறு தோள் சரியாக உயரவில்லை. மாடியில் ஸ்கேன் பொண்ணு தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டிருந்தாள். அது இப்போது சத்தமே போடுவதில்லை.